பத்தியம் என்ற சொல்லும் சுருக்கப்பட்ட இரைப்பையும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பியதும் தமிழ்க் குடும்பங்களில் தன்னியல்பாக எழுகிற சொல் 'பத்தியம்'. மருத்துவமனை அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும். உணவு நிபுணர் நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒரு தாள் கொடுத்திருப்பார். ஆனால் அந்தத் தாள் அடுக்களைக்குள் நுழையும்போது பத்தியமாக மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது. அறுவைக்குப் பிந்தைய உணவில் நேரும் பிழைகளில் கணிசமான பகுதி இந்த மொழிபெயர்ப்பிலேயே தொடங்குகிறது. நோயாளியின் நாவடக்கமின்மையைக் குறை சொல்லும் பழக்கம் இதைக் காணவிடாமல் மறைத்துவிடுகிறது.

பத்தியம் என்ற கருத்தாக்கத்துக்கு இரண்டு பண்புகள் உண்டு. முதலாவது, அதற்கு முடிவு உண்டு. பிள்ளை பெற்றவளின் பத்தியமாயினும் மஞ்சள் காமாலைக்காரரின் பத்தியமாயினும், ஒரு நாளில் அது 'முறிக்கப்படும்'. அதன்பின் பழைய உணவு திரும்பும். இரண்டாவது, அதன் உள்ளடக்கம். கஞ்சி, இட்லி, இடியாப்பம், ரசஞ்சோறு, வெறும் ரொட்டி ஆகியன பத்திய உணவுகள். முட்டை சூடு, பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி, மீனும் இறைச்சியும் செரிக்கக் கடினம் என்று அவை விலக்கப்படுகின்றன. காய்ச்சலில் கிடப்பவருக்கு இந்த ஏற்பாடு பெரிய தீங்கு செய்வதில்லை. இரைப்பை சுருக்கப்பட்டவருக்கோ இது ஏறக்குறைய தலைகீழான அறிவுரை. பத்தியம் அனுமதிப்பவை யாவும் மாவுச்சத்து. அது விலக்குபவற்றுள் பெரும்பாலானவை புரதம்.

'ஸ்லீவ்' எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாய்; தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிலிட்டர். 'பைபாஸ்' முறையில் உருவாக்கப்படும் சிறு பை அதனினும் சிறியது. சுமார் 30 மில்லிலிட்டர். இவ்வளவே உள்ள இடத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சென்றாக வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். அது செல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும், மாடிப்படி ஏறக் கால் நடுங்கும். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் மாவுச்சத்து ஏறத்தாழ 8 கிராம், புரதம் 2 கிராம் அளவில். அறுபது கிராமையும் இட்லியாலேயே ஈட்ட நினைப்பவர் நாளைக்கு முப்பது இட்லி உண்ண வேண்டும். மூன்றாவது இட்லியிலேயே இடம் நிறைந்துவிடும் ஒருவருக்கு, அந்த மூன்று இட்லியும் ஒரு முட்டையின் புரதத்தையே தருகின்றன. ஆக, மாவுச்சத்தை நஞ்சு என்று அஞ்சத் தேவையில்லை. அது பிடித்துக்கொள்ளும் இடம்தான் சிக்கல்.

இன்னொரு நுட்பமும் உண்டு. உலர்ந்த சோறும் ரொட்டியும் ஒடுங்கிய குழாயில் அடைத்துக்கொண்டு வலி தரும். ஆகவே அவற்றை உடலே மறுத்துவிடுகிறது. சாம்பாரில் ஊறிய இட்லியோ வழுக்கிக்கொண்டு இறங்கும், விரைவில் வெளியேறும், ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். உணவோடு நீர்மத்தைச் சேர்க்காதீர், அரை மணி இடைவெளி விடுக என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். சாம்பார், ரசம், மோர் என மூன்று நீர்மங்களின் துணையோடு உண்ணப் பழகிய ஒரு சமூகத்திடம் இதைச் சொல்வது எளிதான செயல் இல்லை. 'லேசான உணவு' என்று தமிழில் சொல்லும்போது தொண்டையில் லேசாக இறங்குவது என்று பொருளா, உடலுக்குச் சுமை தராதது என்று பொருளா என்பதை எவரும் பிரித்துக் கேட்பதில்லை. 'ரெண்டு இட்லியாவது சாப்பிடும்மா, லேசாத்தானே இருக்கு' என்ற அன்புக்குள் இவ்விரு பொருளும் கலந்து கிடக்கின்றன.

மும்பை இந்தச் சிக்கலுக்குப் பொருத்தமான களம். எகிப்தைச் சேர்ந்த இமான் அகமது 2017 பிப்ரவரியில் இந்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, மார்ச்சில் சைபி மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்யப்பட்டபோது உலக நாளிதழ்கள் கிலோ கணக்கைத் தொடர்ந்து எழுதின. அதே ஆண்டு செப்டம்பரில் அபுதாபியில் அவர் இறந்தார். இந்தச் சிகிச்சை வசதி படைத்த வெகுசிலருக்கு மட்டுமே உரியது என்ற நிலையும் மாறிவருகிறது. உடல் நிறை எண் 40-ஐ எட்டியவர்களும், கடுமையான துணைநோயோடு 35-ஐ எட்டியவர்களும் மருத்துவக் காப்பீட்டில் இதைக் கோர இடமளிக்கும் வகையில் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விலக்குப் பட்டியலை வரையறுத்தது. ஆசியர்களுக்கு 27.5 என்ற எண்ணிலிருந்தே அறுவையைப் பரிந்துரைக்கலாம் எனப் பன்னாட்டு அமைப்புகள் 2022-இல் அறிவித்தன. செம்பூரின் அடுக்ககங்களிலும் மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் இத்தகைய அறுவை இனி அரிதாகப் பேசப்படும் செய்தியாக இராது.

அங்கே தாளின் மொழி என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். இந்நகர மருத்துவமனைகளின் உணவுத் தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ இருக்கும். மூன்றாம் தலைமுறை மும்பைத் தமிழருக்கு அதில் தடையில்லை. தடை, அவரைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வரும் தாய்க்கு. 'கிச்சடி கொடுக்கலாம்' என்று தாள் சொன்னால், வடக்கே அது அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்த உணவு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கிச்சடி என்பது ரவை. நாஞ்சில் நாட்டிலோ தயிர் சேர்த்த தொடுகறி. தாளை எழுதியவர் மனத்தில் இருந்த பருப்பு, ரவைக் கிச்சடியில் காணாமற்போகிறது. 'தால் பானி' என்பது பருப்புத் தண்ணீர் ஆகி, பருப்பு அடியில் தங்க, மேல்நீர் மட்டும் கிண்ணத்துக்கு வருகிறது. அந்த நீரில் உப்பும் மஞ்சள் நிறமும் இருக்கும். புரதம் சொல்லத்தக்க அளவில் இராது.

'மாவுச்சத்து' என்ற சொல்லும் முழுமையாக உதவுவதில்லை. அதைக் கேட்பவர் மாவை நினைக்கிறார்: மைதா, கோதுமை, பரோட்டா. பழச்சாறும் வெல்லமும் இளநீரும் அச்சொல்லுக்குள் வருவதாக அவருக்குத் தோன்றாது. பாடநூல் தரும் 'கார்போஹைட்ரேட்' அடுக்களைச் சொல்லாக மாறவே இல்லை. ஈழத்துப் பாடநூல்களின் 'காபோவைதரேற்று'க்கும் அதே கதி. இதற்கு மேல் தமிழில் 'சாப்பாடு' வேறு, 'டிபன்' வேறு. 'சோற்றை அறவே விட்டுவிட்டேன்' என்று உண்மையாகவே சொல்லும் ஒருவர் காலையில் பொங்கலும் இரவில் தோசையும் உண்ணலாம். அவர் பொய் சொல்லவில்லை; அரிசிக்குப் பெயர் மாறினால் அது வேறு உணவாகிவிடும் ஒரு வகைப்பாட்டுக்குள் நின்று பேசுகிறார். சரியாகக் கேட்கத் தெரியாத மருத்துவர் அங்கே ஏமாற்றுக்காரர் ஒருவரைக் காண்பார்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு தரும் தண்டனை இன்னும் நேரடியானது. பாயசமோ லட்டோ சர்க்கரை மிகுந்த காப்பியோ உள்ளே போன அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, பேதியாகலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சரிந்து நடுக்கமும் மயக்கமும் வரும். வீட்டில் இதற்குப் 'பிரஷர் இறங்கிவிட்டது' என்று பெயர். உடனே குளுக்கோஸ் கரைக்கப்படும். சர்க்கரை சரிந்த அந்தக் கணத்துக்கு இனிப்பு தேவைதான். அதைத் தொடர்ந்து புரதம் சேர்ந்த சிற்றுணவு தராமல் இனிப்போடு நிறுத்தினால், அடுத்த சரிவுக்கான விதை அந்தக் குவளையிலேயே இருக்கிறது.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒன்று. அறுவைக்குப் பின் சிலர் வாரக்கணக்கில் வாந்தி எடுப்பர். 'எதுவும் தங்கவில்லை, கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்குகிறது' என்று வீட்டார் நாள்களைக் கடத்துவர். தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தின் இருப்பு உடலில் சில வாரங்களில் தீர்ந்துபோகும். மாவுச்சத்தை எரிக்கத் தேவையான அந்த உயிர்ச்சத்து இல்லாத நிலையில் கஞ்சியும் குளுக்கோசும் மட்டும் செலுத்தினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு முந்தைய பாடம். 1918-இல் மெக்கரிசன் அந்நோய் குறித்த ஆய்வைக் குன்னூரில்தான் தொடங்கினார். புழுங்கலரிசி உண்டவர்களை அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. புழுக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ஆனால் வாந்தி நிற்காத ஒருவருக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி காப்பாகாது. மருத்துவரிடம் உடனே திரும்பிச் செல்வதே வழி.

இதற்காக மரபையே பழிப்பது அவசரம். தென்மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நாட்டுக்கோழி முட்டையும் கொடுப்பதும், பிள்ளை பெற்றவளுக்குக் கருவாட்டுக் குழம்பும் பூண்டும் கொடுப்பதும் அதே மரபுதான். உடலைத் தேற்ற வேண்டிய வேளையில் புரதம் தேவை என்ற நினைவு அங்கே இருக்கிறது. உணவு நிபுணர் 'பத்தியம்' என்ற சொல்லை விட்டு, 'உடம்பு தேற்றுவது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடியும். தாய்க்கு அது உடனே விளங்கும். களியில் வெல்லத்தைக் குறைக்கவும் கருவாட்டின் உப்பைக் கழுவிப் போக்கவும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

எதிர்த் திசையிலும் ஒரு மிகை உண்டு. மாவுச்சத்தை முற்றிலும் துறப்பதே வீரம் என்று சிலர் பரப்புகின்றனர். தேறிய பிறகு, புரதமும் காயும் உண்டு முடித்த இடத்தில் இரண்டு கரண்டிச் சோறு வருவதில் குற்றமில்லை. இந்தியர் தம் கலோரியில் சராசரியாக 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுவதாக 2025-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு காட்டியது. நாடே அப்படி உண்ணும்போது, அறுவை செய்துகொண்ட ஒருவர் மட்டும் முழுத் துறவியாக வாழ்வார் என்று எதிர்பார்ப்பது நடைமுறை அறியாதவர் வாதம். எடை ஓரிரு ஆண்டுகளில் மிகக் குறைந்த நிலையை எட்டி, பின்னர் ஓரளவு திரும்புவதும் பலரிடம் காணப்படுவதே. அப்போது அவரைப் பார்த்து 'வாயைக் கட்டவில்லை' என்று சொல்லும் உறவினர்களில் பலர், மூன்றாம் மாதத்தில் 'பத்தியம் முறித்தாயிற்றா' என்று கேட்டு இனிப்பு ஊட்டியவர்களாகவே இருப்பர்.

செலவு என்றொரு கேள்வி எஞ்சுகிறது. விலையுயர்ந்த புரதப் பொடியை மாதந்தோறும் வாங்கச் சொல்லும் தாள் செம்பூரில் ஒருவேளை செல்லும். விடியும் முன்பே இட்லி அவித்து, மிதிவண்டிகளில் ஊதுகுழலோடு நகரெங்கும் அனுப்பும் தாராவியில் மிக மலிவாகவும் மிக அருகிலும் கிடைக்கும் உணவு மாவுச்சத்துதான். அங்கே முட்டை, நெத்திலி, தயிர், வேகவைத்து மசித்த பயறு என்று கடைச் சரக்கின் பெயராலும் கரண்டிக் கணக்காலும் எழுதிய தமிழ்த் தாள் வேண்டும். எதை முதலில் உண்பது என்ற வரிசையும் அதில் இருக்க வேண்டும். தமிழ்ப் பந்தியில் அந்த வரிசை சோற்றிலிருந்தே தொடங்குகிறது. மாட்டுங்காவின் ஒரு கல்யாண இலையில் அமரும் அறுவை செய்துகொண்டவர், சோறு வருமுன் கூட்டையும் சுண்டலையும் முடித்துவிட்டுத் தயிரைக் கேட்டால், பரிமாறுபவர் அவருக்கு விருந்து பிடிக்கவில்லை என்றே நினைப்பார்.