நட்ட கைகளை நினைப்போம்

பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனெய்ரோ நகரையொட்டிய மலைகளில் தீஜூக்கா என்னும் பெருங்காடு உள்ளது. காண்போர் அது தானாக வளர்ந்ததென்றே எண்ணுவர். உண்மையில் அதன் பெரும்பகுதி மனிதர் நட்டு மீட்டெடுத்தது.

கோப்பிச் செய்கைக்காக அம்மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டன. நீரூற்றுக்கள் வற்றின. நகரம் குடிநீருக்குத் தவித்தது. 1861ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் பேத்ரோவின் அரசு, காட்டை மீண்டும் வளர்க்கும் பொறுப்பை மேஜர் மனுவேல் கோமெஸ் ஆர்ச்சரிடம் ஒப்படைத்தது. 13 ஆண்டுகளில் ஏறத்தாழ 100,000 மரங்கள் நடப்பட்டன. 1961இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

ஆர்ச்சரின் பெயரை வரலாறு போற்றுகிறது. ஆனால் குழி தோண்டியவர் யார்? கன்று சுமந்தவர் யார்? இவ்வேலையில் முதலில் இறக்கப்பட்டோர் ஆறு அடிமைகள். மரியா என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்ததோ 1888இல்தான்.

நாமும் மரநடுகை விழாக்கள் நடத்துகின்றோம். முதற் கன்றை நடும் பிரமுகரின் பெயரைக் கல்லில் பொறிக்கின்றோம். கோடையில் வாளி சுமந்து அக்கன்றைக் காப்பாற்றுபவரின் பெயரை எங்கே எழுதுகின்றோம்? காடு விழாவினால் வளர்வதில்லை, உழைப்பினால் வளர்கின்றது. அந்த உழைப்பாளரின் பெயரையும் அடுத்த கல்லில் பொறிப்போம். அவர்களுக்குரிய கூலியையும் குறைவின்றிக் கொடுப்போம்.