செட்டு இரைந்தால் எர்த் வயரை அறுக்காதீர்கள்



சென்ற மாதம் சாய்ந்தமருதில் ஒரு ராத்தாவின் வீட்டுக்கு வேறொரு விடயமாகப் போயிருந்தேன். கணவர் கட்டாரில். அவர் வாங்கி வைத்த ஸ்டீரியோ செட்டில்தான் மாமியார் முஸ்லிம் சேவை கேட்பார். பக்கத்து அறையில் இருக்கும் மகனின் கம்பியூட்டரிலிருந்தும் ஒரு நீண்ட வயர் செட்டுக்கு வந்தது.

"செட்டத் தொட்டா சுள்ளெண்டு அடிக்குது மகள். நேத்து சின்னவனுக்கும் அடிச்சிட்டு" என்றார் ராத்தா. விசாரித்தேன். கம்பியூட்டரைத் தொடுத்த நாளிலிருந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சலாம். ஒருவர் வந்து பிளக்கில் எர்த் வயரை அறுத்துவிட இரைச்சல் நின்றதாம். எனக்குத் திக்கென்றது.

செட்டைக் கழற்றி வைக்கச் சொல்லி, தெரிந்த எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்தோம். அவர் எர்த் வயரைத் திரும்பப் பூட்டியதுமே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. செட்டின் உள்ளே மின்கசிவு. எர்த் இருந்திருந்தால் கசிவு தொடங்கிய அன்றே சுவிட்ச் விழுந்திருக்கும். இல்லாததால், பிள்ளையின் உடம்புதான் கரண்டுக்கு வழியானது.

செட்டைத் திருத்தி எடுத்த பிறகு பழைய இரைச்சல் மீண்டும் வந்தது. காரணம் இதுதான்: செட்டும் கம்பியூட்டரும் வெவ்வேறு பிளக் பேஸில், இரண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவே ஒலி வயர். மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அதில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் காதுக்கு இரைச்சலாகக் கேட்கிறது. நம் வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை துடிப்பது. அதே துடிப்புத்தான் அந்த 'ம்ம்ம்'. கம்பியூட்டரைச் செட்டின் அருகே கொண்டுவந்து, இரண்டையும் ஒரே பிளக் பேஸில் செருகி, குட்டையான ஒலி வயர் போட்டோம். இரைச்சல் அடங்கியது.

உங்கள் வீட்டிலும் செட்டு இரைந்தால் இப்படிப் பாருங்கள்:

1. சத்தத்தை முழுக்கக் குறையுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு செட்டின் உள்ளே. பழசான கெப்பாசிட்டராக இருக்கலாம். நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. சத்தத்தோடு இரைச்சலும் கூடிக் குறைந்தால், செட்டை நிறுத்திவிட்டு ஒலி வயர்களில் ஒன்றைக் கழற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ, கோளாறு அந்தப் பக்கம்.

3. அந்த ஒலி வயர் கரண்ட் வயரோடு பின்னிக் கிடந்தால் விலக்கி வையுங்கள். நைந்திருந்தால் மாற்றுங்கள்.

4. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

நமது கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். மண்ணில் இறங்கும் எர்த் கம்பியின் இணைப்பையும் அவரிடம் காட்டுங்கள்.

"ஆம்பிள இல்லாத வீட்ட இதெல்லாம் ஆரு பாக்கிற?" என்று கேட்டார் ராத்தா. அன்று வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோளாறைக் கண்டுபிடித்தவரே அவர்தான். இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம், சகோதரிகளே. அறுந்த எர்த் வயரை ஒரு நாளும் விட்டு வைக்காதீர்கள்.