மறுபடியும் கேட்போம்: ஒரே நாளில் பதிவான ஆஸியின் குரல்

ஆஸி என்றதும் ஆஸ்திரேலிய கிரிக்கெட் டீம் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இந்த வாரம் நாம் கேட்கப்போவது வேறு ஆஸி. 'பிளாக் சபாத்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் நகரின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் அவர் கடைசியாக மேடையேறினார். பார்க்கின்சன் நோயால் நின்று பாட முடியாத நிலை. சிம்மாசனம் மாதிரியான ஒரு கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். சரியாகப் பதினேழு நாள்கள் கழித்து, ஜூலை 22-ல், 76 வயதில் காலமானார்.

அன்றைக்கு முதலில் தன்னுடைய தனி ஆல்பங்களிலிருந்து சில பாடல்களைப் பாடினார். பிறகு கிட்டாரிஸ்ட் டோனி அயோமி, பேஸ் கிட்டார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட் மூவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பழைய நால்வரும் ஒரே மேடையில் வாசித்து 20 வருடங்கள் ஆகியிருந்தன. 'வார் பிக்ஸ்', 'என்.ஐ.பி.', 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்' என்று நான்கு பாடல்கள். முடிந்தது.

இந்த நான்கும் எப்போது பதிவானவை என்று பாருங்கள். ஒன்று 1969 அக்டோபரில். மற்ற மூன்றும் 1970-ன் நடுவில். பாடியபோது ஆஸிக்கு வயது 20, 21. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆல்பம் ஆல்பமாகப் பாடித் தள்ளியவர், நண்பர்களோடு கடைசியாகப் பாடும்போது அந்த ஒரு வருடத்துக்குத்தான் திரும்பிப் போனார். அந்தப் பதிவுகளில் அப்படி என்ன இருக்கிறது?

என் வயதுக்காரர்களுக்கு ஆஸி என்றால் பெரும்பாலும் மீம்தான். 1982-ல் மேடையில் யாரோ வீசிய வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டு, வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டாரே, அவர். கொஞ்சம் மூத்தவர்களுக்கு, 2002-ல் வந்த 'தி ஆஸ்பர்ன்ஸ்' ரியாலிட்டி ஷோவில் டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டிய அப்பா. இந்த இரண்டு படங்களையும் ஓரமாக வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினால், கேட்பது முற்றிலும் வேறு ஒரு ஆள்.

அந்த ஆள் ஆஸ்டன்காரர். ஆஸ்டன் என்பது பர்மிங்ஹாமின் தொழிற்சாலைப் பகுதி. ஆறு பிள்ளைகள், இரண்டே படுக்கையறை உள்ள வீடு. கருவிகள் செய்யும் தொழிலாளியான அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். அம்மா கார் பாகங்கள் செய்யும் லூகாஸ் தொழிற்சாலையில். டிஸ்லெக்ஸியா இருந்ததால் ஆஸிக்குப் படிப்பு ஏறவில்லை. 15 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. பிளம்பருக்கு எடுபிடி, இறைச்சிக்கூடத்தில் வேலை, அம்மா வேலை பார்த்த இடத்திலேயே கார் ஹார்ன்களை ஊதவைத்துச் சோதிக்கும் வேலை என்று மாறி மாறிப் பார்த்தார். (காது போகிற அளவுக்குச் சத்தம் அவருக்கு ராக் இசையில் தொடங்கவில்லை.) ஒரு துணிக்கடையில் திருடி மாட்டிக்கொண்டார். அபராதம் கட்ட அப்பா மறுத்துவிட்டார். பையனுக்குப் புத்தி வரட்டும் என்ற கணக்கு. சில வாரங்கள் வின்சன் கிரீன் சிறையில் இருந்துவிட்டு வந்தார்.

அதே அப்பாதான் பிறகு கடன் வாங்கி, மகனுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த பி.ஏ. செட் வாங்கிக் கொடுத்தார். இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆஸி ஊரிலுள்ள இசைக்கருவிக் கடையில் ஒரு சீட்டு ஒட்டினார்: பாடகர் ஒருவருக்கு மேடை தேவை, சொந்தமாக பி.ஏ. இருக்கிறது என்று. அந்தக் காலத்தில் சொந்த செட் வைத்திருக்கும் பாடகர் என்றால் தனி மவுசு. சீட்டைப் பார்த்துத் தேடி வந்த அயோமி, வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் நொந்துபோனார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரு வகுப்பு மேலே படித்த அயோமி அங்கே ஆஸியை மிரட்டி வைத்திருந்தவர். இந்தப் பையனுக்குப் பாட வரும் என்றே அவர் நம்பவில்லை.

அயோமியின் கதையும் இங்கே வேண்டும், ஏனென்றால் ஆஸி பாடிய விதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. 17 வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாகிவிட்டன. அவர் இடதுகைக்காரர். அதாவது, தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டிய விரல்கள்தான் போனவை. தீக்காயத்தால் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கொண்டுவந்து கேட்கவைத்தார். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனமான, மெதுவான கிட்டார் ஒலிக்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

1969 அக்டோபர் 16. லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயின். முதல் ஆல்பம் மொத்தமும் பதிவானது அந்த ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில். நாள்தோறும் கிளப்புகளில் வாசித்துப் பழகியதை அப்படியே வாசித்தார்கள். ஆஸியைத் தனிக் கூண்டில் நிற்கவைத்து, குழு வாசிக்க வாசிக்கக் கூடவே பாடச் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு சரணத்தை நாற்பது தடவை பாடி, நல்ல சொற்களைப் பொறுக்கி ஒட்டி, சுருதியையும் கம்ப்யூட்டரில் திருத்திவிடலாம். அன்றைக்கு அதற்கெல்லாம் வழியும் இல்லை, காசும் இல்லை.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாடலைப் போடுங்கள். மழை, தேவாலய மணி, இடி. இவை பின்னால் சேர்க்கப்பட்டவை. பிறகு மூன்றே ஸ்வரங்கள். நம் கணக்கில் சொன்னால் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து பிரதி மத்யமம். கர்னாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குப் பிரதி மத்யமம் பயம் தராது. கல்யாணியும் பந்துவராளியும் கேட்ட காது. ஆனால் மேற்கத்திய இசையில் இந்த இடைவெளி ரொம்ப காலமாகவே அபசகுன ஒலி. அதைத்தான் அயோமி நடு ஹாலில் கொண்டுவந்து வைக்கிறார்.

கவனிக்க வேண்டியது அடுத்தது. ஆஸி பாட ஆரம்பித்ததும் குழு கிட்டத்தட்ட அமைதியாகிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் ஒரு பையனின் குரல். கட்டைக் குரல் இல்லை, மிரட்டல் இல்லை, உறுமல் இல்லை. மெல்லிய, மூக்கிலிருந்து வரும், கொஞ்சம் உயரமான குரல். பாட்டின் கதை, படுக்கையருகே ஒரு கறுப்பு உருவத்தைப் பார்த்துப் பயந்துபோவது. கீஸர் பட்லர் தனக்கு நடந்ததாகச் சொன்ன சம்பவம்தான் அதற்கு வித்து. இதை ஒரு வில்லன் மாதிரி பாடியிருக்கலாம். பின்னால் வந்த ஹெவி மெட்டல் பாடகர்கள் பலரும் அந்த வழியில்தான் போனார்கள். ஆஸி பாடுவதோ பயந்தவனின் பக்கத்திலிருந்து. உதவி கேட்டு அவர் குரல் உயரும் இடத்தில் நடிப்பு எங்கே முடிகிறது, பயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிற்காலத்தில் அவரை 'இருளின் இளவரசர்' என்று கொண்டாடிய ஊடகங்கள் இந்தப் பாடலைச் சரியாகக் கேட்டார்களா என்பதே என் சந்தேகம்.

அடுத்த பாடல் 'தி விஸார்ட்'. அதில் வரும் மௌத் ஆர்கன் ஆஸி வாசித்தது. கடைசியில் பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் 'வார்னிங்' இன்னொரு குழுவின் பாடல். அது எனக்கு நீளம் அதிகம் என்றுதான் படுகிறது. கிட்டார் மேல் தனிக் காதல் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, ஆல்பம் வெளியானது. விமர்சகர்கள் கிழித்தார்கள். அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழும் அதில் சேர்த்தி. மக்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் எட்டாம் இடம் வரை வந்தது. வீட்டில் போட்டுக் காட்டியபோது, எப்போதாவது ஒரு பீர் மட்டும்தான் குடிக்கிறாயா என்று அப்பா சந்தேகமாகக் கேட்டதாக ஆஸி சொல்லிச் சிரித்திருக்கிறார். குழுவினர் கழுத்தில் பெரிய சிலுவைகள் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அவற்றைச் செய்து கொடுத்தவரும் அதே அப்பாதான்.

சில மாதங்களிலேயே இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்'. தலைப்புப் பாடல் பிறந்த கதை பிரபலம். ஆல்பத்தில் இன்னும் சில நிமிடங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. மற்றவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அயோமி ஒரு மெட்டைப் பிடித்தார், பட்லர் அவசரமாக வரிகள் எழுதினார், ஆஸி தாளைப் பார்த்துப் பாடினார். மூன்று நிமிடம்கூட இல்லாத அந்தப் பாடல் பிரிட்டனில் நான்காம் இடத்துக்குப் போனது. மனச்சோர்வில் இருப்பவன் தன்னைப் பற்றிச் சொல்லும் பாடல் அது. வேகத்தில் அது தெரியாமல் போய்விடுகிறது.

இந்த ஆரம்ப ஆல்பங்களின் வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பட்லர். 'வார் பிக்ஸ்' போரை நடத்தும் பெரிய மனிதர்களைப் பற்றியது. 'ஹேண்ட் ஆஃப் டூம்' வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றியது. எழுதியவர் ஒருவர், நம்பவைத்தவர் இன்னொருவர். 'அயர்ன் மேன்' கேளுங்கள்: கிட்டார் போகும் பாதையிலேயே ஆஸியின் குரலும் ஸ்வரம் பிசகாமல் போகிறது. சங்கதி, பிருகா எதுவும் கிடையாது. இது குரலின் குறை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அயோமியின் கிட்டார் ஏற்கெனவே அவ்வளவு கனம். அதன் மேல் இன்னொரு அலங்காரம் ஏற்றினால் பாட்டே உட்கார்ந்துவிடும்.

'ஆஸி கத்துவாரே, நமக்கு ஒத்துவராது' என்று நினைப்பவர்கள் 'பிளானட் கேரவன்' பாடலில் ஆரம்பிக்கலாம். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அவர் குரலை அனுப்பிப் பதிவு செய்தார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போலக் கேட்கும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தாலும் ஸ்பீக்கரில் போடலாம், சண்டை வராது. 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் 'சாலிட்யூட்' என்றொரு பாடல். அது அவ்வளவு மென்மையாக இருப்பதால், பாடியது டிரம்மர் பில் வார்ட் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். ஆஸிதான். அதே ஆல்பத்தின் முதல் பாடல் கஞ்சாவுக்குத் துதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு கேட்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடலின் தொடக்கத்தில் கேட்கும் இருமல் அயோமியுடையது. குடியும் போதைப்பொருளும் அந்த வருடங்களிலேயே ஆரம்பித்துவிட்டன. 1979-ல் அதே காரணத்தைச் சொல்லித்தான் குழு ஆஸியை வெளியேற்றியது.

பாடல்கள் ஏற்கெனவே பழக்கம் என்பவர்களுக்கு இன்னொரு பொக்கிஷம் உண்டு. முதல் இரண்டு ஆல்பங்களின் டீலக்ஸ் பதிப்புகளில், அப்போது ஒதுக்கிவைத்த பதிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 'பாரனாய்ட்' பாடலை வேறு வார்த்தைகளோடு ஆஸி பாடுவதை அதில் கேட்கலாம். வரிகள் இன்னும் முடிவாகவில்லை. கையில் கிடைத்த சொற்களைப் போட்டு மெட்டை ஓட்டிக்கொண்டு போகிறார். 1997-ல் வந்த 'தி ஆஸ்மேன் காமெத்' தொகுப்பில், 1970-ல் பதிவான 'வார் பிக்ஸ்' இருக்கிறது. அதிலும் வரிகள் வேறு. முதலில் அந்தப் பாடலின் பெயர் 'வால்புர்கிஸ்'. சூனியக்காரிகள் கூடும் இரவு என்று ஐரோப்பியக் கதைகள் சொல்லும் இரவு அது. ஆல்பத்துக்கு வரும்போது அது முழுக்கப் போர் எதிர்ப்புப் பாடலாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பேய்க்கதை கண்ணெதிரே அரசியலாக மாறுவது தெரியும்.

1972-ன் 'சேஞ்சஸ்' பாடலை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். பியானோவோடு மட்டும் தொடங்கும் பிரிவுப் பாடல். 2003-ல் இதையே மகள் கெல்லியோடு சேர்ந்து, வரிகளை அப்பா - மகளுக்கு ஏற்றபடி மாற்றிப் பாடினார். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வில்லா பார்க்கில் அவர் அதைப் பாடவில்லை. 27 வயதான யங்பிளட் என்ற பாடகர் பாடினார். அந்த வீடியோவையும் தேடிப் பாருங்கள். ஆனால் முதலில் 1972 பதிவு. அதில் ஆஸிக்கு வயது 23.