சர்க்கரை வரிசையும் புற்றுநோய் வரிசையும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சர்க்கரை நோய்க்கு ஒரு வரிசை. அதே வளாகத்தில், 1981-இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தில் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான். ஆனால், முதல் வரிசையில் நிற்பவர்களில் யார் இரண்டாவது வரிசைக்கும் செல்ல வேண்டியவர் என்பதைக் கண்டறிய நாட்டின் பொது சுகாதாரத் திட்டங்களில் முறையான வழி இன்னும் வகுக்கப்படவில்லை. இந்த இடைவெளியைத்தான் தனியார் ஆய்வகங்களின் "புற்றுநோய் ரத்தப் பரிசோதனைத் தொகுப்புகள்" பயன்படுத்திக் கொள்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். தேசிய சராசரி 11.4 சதவீதம், தமிழகத்தில் 14.4 சதவீதம், கேரளத்திலோ 25.5 சதவீதம். அதாவது, அங்கு வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர்.

சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு அல்ல. கல்லீரல், கணையம், கருப்பை உட்படலம் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் அபாயம் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் 20 முதல் 50 சதவீதம் அதிகம் என்றும் அமெரிக்க நீரிழிவு, புற்றுநோய் அமைப்புகள் 2010-இல் கூட்டாக அறிவித்தன. உடல் பருமன், ரத்தத்தில் மிகும் இன்சுலின், நீடித்த அழற்சி ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவான வேர்கள்.

கேரளத்துக்கு இதில் தனி வரலாறே உண்டு. கணையத்தில் கற்கள் உருவாகி, மெலிந்த இளைஞர்களையும் தாக்கும் ஒருவகைச் சர்க்கரை நோயை 1960-களிலேயே விரிவாகப் பதிவு செய்தவர் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ். இத்தகைய கணைய அழற்சி நோயாளிகள் 185 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 1994-இல் வெளியான சென்னை ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 100 மடங்கு என மதிப்பிட்டது. ஆய்வுக்கு உள்பட்டோரின் எண்ணிக்கை குறைவு என்பதால் அந்த மடங்கைத் துல்லியமானதாகக் கொள்ள இயலாது. ஆனால், எச்சரிக்கையைப் புறக்கணிக்கவும் இயலாது.

அப்படியானால், ரத்தத்தில் உள்ள குறியீடுகளைக் கொண்டு ஆபத்தை முன்கூட்டியே அறியலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. கணையப் புற்றுநோய்க்கான "சிஏ 19-9" குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது, புற்றுநோய் இல்லாமலேயே அதன் அளவு உயரக்கூடும். கணைய அழற்சியிலும் மஞ்சள் காமாலையிலும் உயரும். மறுபுறம், மக்களில் ஒரு பிரிவினரின் உடலில், அவர்களது ரத்த வகைக் கூறு காரணமாக, அது உற்பத்தியாவதே இல்லை. இல்லாத நோயை இருப்பதாகவும், இருக்கும் நோயை இல்லை என்றும் காட்டவல்ல குறியீடு இது.

ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 125 பேருக்கு ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. அதாவது, ஆயிரம் பேரில் எட்டுப் பேர். ஒரு பரிசோதனை, நோயற்றவர்களில் பத்து சதவீதத்தினரைத் தவறாகச் சுட்டிக்காட்டுவதாக வைத்துக்கொண்டால், அந்த எட்டுப் பேரைத் தேடும் முயற்சியில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் வீண் பீதிக்கும் ஸ்கேன் செலவுக்கும் ஆளாகும். டென்மார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, "இன்டர்லூக்கின்-6" என்ற அழற்சிக் குறியீட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அது ஒரு கூட்டத்தின் அபாயத்தைச் சொல்கிறதே தவிர, தனி மனிதரின் விதியைச் சொல்லவில்லை.

எனினும், சர்க்கரை நோயாளிகள் வழக்கமாகச் செய்துகொள்ளும் பரிசோதனை முடிவுகளிலேயே பயனுள்ள ஒரு தடயம் இருக்கிறது. ஐம்பதைக் கடந்த ஒருவருக்குத் திடீரெனச் சர்க்கரை தலைகாட்டுகிறது. உணவில் மாற்றமில்லை, ஆனால் எடை குறைகிறது. அல்லது, கட்டுக்குள் இருந்த மூன்று மாத சராசரி சர்க்கரை காரணமின்றி ஏறுகிறது. இவர்களே முதலில் ஸ்கேன் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம், மஞ்சள் காமாலை ஆகியவற்றையும் சர்க்கரை நோய்ப் பிரிவில் கேட்டறிய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எடை பார்க்கும் கருவியும் பழைய நோயாளிக் குறிப்பேடும் போதும்.

எளிய முறை பலன் தரும் என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று. அந்த மாவட்டத்தின் 7 ஊராட்சிப் பகுதிகளில் 1996 முதல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. உலகம் கவனித்த ஆய்வு அது.

மத்திய அரசு 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டம், புற்றுநோயையும் சர்க்கரை நோயையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. ஆனால், 2016-இல் வகுக்கப்பட்ட நடைமுறையில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு மட்டுமே பொதுப் பரிசோதனை இடம்பெற்றது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் அச்சுறுத்தும் கல்லீரலும் கணையமும் அதில் இல்லை. எல்லோருக்கும் அவற்றைச் சோதிப்பது இயலாது என்பது உண்மையே. ஆனால், யாருக்குச் சோதிப்பது என்று முடிவு செய்வது இயலாததல்ல.

மாவட்ட மருத்துவமனைகளில் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சிகிச்சைக்கு இடம் அமைப்பது வரவேற்கத்தக்கது. அந்த இடத்துக்கு நோயாளி முற்றிய நிலையில் வந்து சேர்ந்தால் பயன் குறைவு. சர்க்கரை நோய்ப் பதிவேட்டில் எடை இழப்பு, திடீர் சர்க்கரை உயர்வு ஆகியவற்றுக்கு ஒரு கட்டம் சேர்த்து, அங்கிருந்து புற்றுநோய்ப் பிரிவுக்கு நேரடிப் பரிந்துரைக்கு வழி செய்ய வேண்டும். மருத்துவர் பரிந்துரையின்றி விற்கப்படும் புற்றுநோய்க் குறியீட்டுப் பரிசோதனைகளுக்கு மாநில அரசுகள் கடிவாளம் இட வேண்டும்.

திட்டத்தின் பெயரில் மட்டும் இரு நோய்களும் சேர்ந்திருந்தால் போதாது. மருத்துவமனையில் அந்த இரு வரிசைகளும் இணைய வேண்டும்.