‘அந்த நாள்’ படத்துக்கு வண்ணம் பூசினால் யார் தடுக்க முடியும்?

தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் புழங்கும் ஓசூர், பேரிகை பக்கம் இது புது விஷயம் இல்ல. ராஜ்குமாரின் கன்னட ‘சத்ய ஹரிச்சந்திரா’ (1965) 2008-லும், தெலுங்கு ‘மாயாபஜார்’ (1957) 2010-லும் வண்ணமாகித் திரைக்கு வந்தன. இப்போ ஏஐ வந்தபிறகு இந்த வேலை இன்னும் சுலபம்.

அடுத்து எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) என்றால்? பாட்டே இல்லாத மர்மப் படம். கொலையாளி யார் என்ற பதற்றத்தை நிழலும் வெளிச்சமும்தான் சுமக்கின்றன.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. உரிமைக்காலம், படம் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் கணக்கில் ‘அந்த நாள்’ உரிமை 2014 முடிவிலேயே தீர்ந்தாச்சு.

பிரான்ஸில்?

அங்கே கதை வேற. ஜான் ஹூஸ்டனின் ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ (1950) படத்தின் வண்ணப் பிரதியை டிவியில் காட்டுவதை எதிர்த்து அவரது வாரிசுகள் வழக்குப் போட்டாங்க. 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

வண்ணப் பிரதி வரட்டும். ஆனா கறுப்பு வெள்ளை மூலமும் பக்கத்திலேயே கிடைக்கணும். அதைக் கேட்க இங்கே இயக்குநர் தரப்புக்குச் சட்டத்தில் வலுவான பிடி இல்லை. சிக்கல் அங்கேதான்.