5 கி.மீ. ரோப்வே போச்சு... இன்று 100 கி.மீ. சுற்று! மூணாறு – போடி தண்டவாளம் காணாமல் போனது எப்படி?

மூணாறுக்கு டூர் போகிறவர்கள் டாப் ஸ்டேஷனில் நின்று ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. மேகம் விலகினால் கீழே தெரிவது தேனி மாவட்டம். பெயரில் 'ஸ்டேஷன்' இருக்கிறது, ஆனால் அங்கே ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. "ஏன் இந்த ஊருக்கு இப்படி ஒரு பேர்?" என்று கேட்டுவிட்டு, பதில் கிடைப்பதற்குள் பலரும் அடுத்த வியூ பாயின்ட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த டாப் ஸ்டேஷன் கேரளாவில் இல்லை. தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியில் இருக்கிறது. ஆனால் டாப் ஸ்டேஷன்காரர் ஒருவர் மலையடிவாரத்தில் இருக்கும் தன் ஊராட்சியின் மற்ற ஊர்களுக்கோ, போடிக்கோ வண்டியில் போக வேண்டுமென்றால் முதலில் கேரளாவுக்குள் நுழைய வேண்டும். மூணாறு வரை 32 கி.மீ., அங்கிருந்து தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு என்று சுற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி போடிக்கு வர வேண்டும். மொத்தம் சுமார் 100 கி.மீ.

100 வருஷத்துக்கு முன்னால் இதே உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு 5 கி.மீ. நீள ரோப்வே இருந்தது!

மதுரை – போடி அகல ரயில் பாதை மின்மயமாக்கப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் மோடி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதுவரை சென்னை ரயிலுக்கு மதுரையில் இன்ஜின் மாற்ற வேண்டியிருந்தது. மலையடிவாரம் வரை மின்சார ரயில் வந்துவிட்டது. அப்படியானால் மலைக்கு மேலே ஓடியது என்ன ஆச்சு? கம்பத்துக்கு ஏன் இன்னும் ரயில் வரவில்லை?

மாடு இழுத்த மோனோரயில்

1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. மூணாறு மலைகள் தேயிலைத் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலையை வளர்ப்பதைவிட மலையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. மேற்கே கொச்சி பக்கம் காடும் ஆறும். கிழக்கே செங்குத்தான சரிவு, ஆனால் இறங்கிவிட்டால் போடி சமவெளி. தோட்டக்காரர்கள் கிழக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளை பள்ளத்தாக்கு ரயில் வந்தது. மோனோரயில் என்றதும் இன்றைய மும்பை மோனோரயிலைக் கற்பனை செய்ய வேண்டாம். சாலையோரம் தரையோடு தரையாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரம் அதன் மேல் ஓடும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருளும். இழுப்பது மாடு. பாரத்தில் பெரும்பகுதி இரும்பின் மேல் போவதால், சாதாரண கட்டை வண்டியைவிட அதிக சுமையை அதே மாடு இழுக்க முடியும். மலைப்பாதையில் இரண்டு தண்டவாளம் போடும் செலவும் மிச்சம். 'எவிங்' முறை என்று இதற்குப் பெயர். பின்னர் 1907-ல் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் ஒரு மோனோரயில் வந்தது. அதன் இன்ஜினை மீட்டு டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பாட்டியாலாவுக்கு முன்பே ஓடிய மூணாறு மோனோரயிலுக்கு அந்த கொடுப்பினை இல்லை.

1908-ல் ஒற்றைத் தண்டவாளம் எடுக்கப்பட்டு, 2 அடி அகலத்தில் குறுகிய ரயில் பாதை போடப்பட்டது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என நிலையங்கள். கடைசி நிலையத்தில் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் ஏற்றப்பட்டு அடிவாரத்துக்கு இறக்கப்படும். இறங்கும் இடம் பாட்டம் ஸ்டேஷன். குரங்கணி, கொட்டகுடி பக்கத்தில் இன்றும் இந்தப் பெயர்களைக் கேட்கலாம். நடுவழியில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஒரு மலைக் கிராமமே இருக்கிறது. முதல்முறை கேட்பவர்கள் சென்னை சென்ட்ரலை நினைத்துக் குழம்பிப் போவார்கள்!

பாட்டம் ஸ்டேஷனிலிருந்து போடி வரை மாட்டு வண்டி. அங்கிருந்து ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் போய், கப்பல் ஏறி இங்கிலாந்து சேரும். ஒரு டீத்தூள் பெட்டி தண்டவாளம், கம்பி, மாட்டு வண்டி, ரயில், கப்பல் என்று ஐந்து வாகனம் மாறிய பயணம் அது.

ஒரு வெள்ளம் முடித்து வைத்தது

1924 ஜூலை. கேரளாவில் இதை 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள். மலையாள ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். மூணாறு ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. மலைச்சரிவு, பாலம், தண்டவாளம் என்று சேர்ந்தே போனதால் ரயில் மறுபடியும் ஓடவே இல்லை.

அதே வெள்ளத்தில் மேற்கே ஆலுவாவிலிருந்து மூணாறு வந்த பழைய சாலையும் அழிந்தது. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் நிலைமை வேறு. நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை போட்டார்கள். 1935-ல் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. மூணாறுக்கு கொச்சி கிட்டே வந்துவிட்டது. போடி பக்கம் இறங்க வேண்டிய அவசியம் மெல்லக் குறைந்தது. ரோப்வேயும் பின்னாளில் நின்றுபோனது. மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலை கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது.

வெள்ளம் வந்து நாலு வருஷம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது! மேலே ரயில் இருந்தபோது கீழே ரயில் இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால், நடுவில் ரோப்வே மட்டும் வைத்து மூணாறு – மதுரை பாதை ஒன்று முழுமையாகியிருக்கும். அப்படி ஒரு பாதையை விட்டுவிட யாருக்கும் அவ்வளவு சுலபமாக மனசு வந்திருக்காது.

போடி ரயில் இரண்டு முறை போச்சு, இரண்டு முறை வந்துச்சு

போடி ரயிலுக்கும் நிம்மதி இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு இந்தியாவின் பல கிளைப் பாதைகளைப் பெயர்த்தது. 1942-ல் போடி பாதையும் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் முதல் பாதியில்தான் மறுபடியும் தண்டவாளம் போடப்பட்டு ரயில் ஓடியது.

அடுத்த பிரிவு 2010 கடைசியில். அகல ரயில் பாதையாக மாற்றுகிறோம் என்று மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். 90 கி.மீ. தூரம்தான். ஆனால் வேலை தவணை முறையில் நடந்தது. முதலில் மதுரை – உசிலம்பட்டி 37 கி.மீ., அப்புறம் ஆண்டிபட்டி வரை 21 கி.மீ., அப்புறம் தேனி வரை 17 கி.மீ. என்று இழுத்துக்கொண்டே போனது. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். மதுரை – தேனி 75 கி.மீ. பணிக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. மீதி 15 கி.மீ. தாண்டி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15. அன்றே சென்னை சென்ட்ரல் – போடி ரயிலும் கிடைத்தது, வாரம் மூன்று நாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் போடிக்காரர்கள் ரயில் இல்லாமல் காத்திருந்தது பன்னிரண்டரை வருஷம். 2010-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பிளஸ் 2 முடித்துவிட்டது. போர் பறித்த தண்டவாளம் திரும்பி வர எடுத்துக்கொண்ட காலமும் ஏறக்குறைய இதே அளவுதான். 'முன்னேற்றத்துக்காக' எடுத்த பாதைக்கும் போருக்காக எடுத்த பாதைக்கும் காத்திருப்பில் வித்தியாசமே இல்லை என்பது ரயில்வேக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் அல்ல.

சென்னை டிராமுக்கும் இதுதான் நடந்ததா?

1895 மே 7. இந்தியாவின் முதல் மின்சார டிராம் மெட்ராஸில் ஓடத் தொடங்கியது. லண்டனில்கூட அப்போது மின்சார டிராம் வந்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. அந்த அணைக்கான சரக்கு அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில், அதாவது இன்றைய கொடைரோட்டில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மாட்டு வண்டியில்தான் வந்தது. தலைநகரில் கரன்ட் வண்டி, கம்பத்தில் கட்டை வண்டி. பின்னாளில் அதே பெரியாற்றுத் தண்ணீரில்தான் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது தனிக்கதை.

மெட்ராஸ் டிராமுக்கு முதலில் மின்சாரம் தரைக்கு அடியில் போட்ட குழாய் வழியாக வந்தது. மழைக்காலத்தில் அது சரிப்பட்டு வராததால் தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள். 1921-ல் 24 கி.மீ. பாதையில் 97 வண்டிகள் ஓடின. கடைசியில் கம்பெனி திவாலாகி, 1953 ஏப்ரல் 12 அன்று டிராம் நின்றது. நடுத்தெருவில் போட்டிருந்த தண்டவாளம் என்பதால், வண்டி நின்றதும் அந்த இடம் பஸ்ஸுக்கும் காருக்கும் சாலையாகிவிட்டது. கொல்கத்தாவிலும் 2024 செப்டம்பரில், மைதானம் – எஸ்பிளனேடு பாதை தவிர மற்ற டிராம்களை நிறுத்தும் முடிவை மேற்கு வங்க அரசு அறிவித்தது. அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் சாலை நெரிசல்தான்.

போடி திரும்பியது, மூணாறு திரும்பவில்லை. ஏன்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தண்டவாளம் போனாலும், அது கிடந்த நிலம் என்ன ஆனது என்பதுதான் பாதையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

போடி பாதையில் இரும்பு இரண்டு முறை போனது. ஆனால் மண்மேடும் நிலமும் ரயில்வேயிடமே இருந்தன. அதனால் தாமதமானாலும் அதே தடத்தில் மறுபடியும் போட முடிந்தது. மூணாறில் பாதை தோட்ட கம்பெனியுடையது. அரசுக்கு அதைக் காப்பாற்றும் கட்டாயம் இல்லை, கம்பெனிக்கும் வேறு வழி கிடைத்துவிட்டது. மெட்ராஸில் பாதை கிடந்ததே பொதுச் சாலையில்.

நடுத்தரமான உதாரணம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். மொரப்பூர் – தர்மபுரி – ஓசூர் குறுகிய பாதையும், திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும் 1940-களின் தொடக்கத்தில், போடி ரயில் போன அதே காலத்தில்தான் மூடப்பட்டன. போடிக்கு திரும்பக் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரில் இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. மொரப்பூர் – தர்மபுரிக்கு 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அதுவும் பழைய பாதையை மீட்பதாக இல்லை, புதிதாக நிலம் எடுத்துப் போடும் திட்டமாக.

கம்பத்துக்கு எப்போ?

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பகுதிகளில் ஒருபோதும் பயணிகள் ரயில் ஓடியதில்லை. திரும்பக் கேட்க அவர்களுக்குப் பழைய தண்டவாளம்கூட கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்று பல வருஷமாக கோரிக்கை இருக்கிறது. தேர்தல் வரும்போதெல்லாம் இந்தக் கோரிக்கையும் மேடை ஏறுகிறது, தேர்தல் முடிந்ததும் இறங்கிவிடுகிறது.

புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை லாரியில்தான் போகிறது. சபரிமலை சீசனில் குமுளி ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள். அடிவாரத்தில் நிற்கும் ரயில் இவர்களின் தினசரி பயணத்தை மாற்றப்போவதில்லை. ஆனால் விளைச்சலும் பக்தர்களும் ரயிலுக்கு மாறினால், அந்த மலைப்பாதையில் ஜீப்புக்கு கொஞ்சம் இடமாவது கிடைக்கும்.

புதிய பாதை கேட்கும்போதெல்லாம் ரயில்வே பார்ப்பது வருமானம் வருமா என்பதைத்தான். சாலையிலேயே பழகிவிட்ட ஊரில் ரயிலுக்கு என்ன கூட்டம் வரும் என்று காகிதத்தில் காட்டுவது கஷ்டம். 1902-ல் மூணாறில் மோனோரயில் போட்டவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தேயிலைப் பெட்டியை எண்ணினாலே போதும்.

டாப் ஸ்டேஷனுக்கு வருவோம். குரங்கணி – டாப் ஸ்டேஷன் சாலை வேண்டும் என்பது அந்த மலைக் கிராமங்களின் நீண்ட நாள் கோரிக்கை. சாலை போட வேண்டிய இடம் காடு என்பதால், எளிதில் அனுமதி கிடைக்கிற காரியம் அல்ல. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றம் போன 23 பேர் உயிரிழந்த பிறகு, இந்த மலையில் ஆட்கள் நடமாட்டத்தையே சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிட்டது. உடம்பு சரியில்லாத ஒருவரை சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறக்க வேண்டுமென்றால், 100 வருஷத்துக்கு முன்னால் டீப்பெட்டிக்கு இருந்த கம்பிகூட இன்று இல்லை. நடந்துதான் இறங்க வேண்டும், இல்லையென்றால் நாலு பேர் தூக்கித்தான் வர வேண்டும்.