வெள்ளை யானையும் வெறும் மனப்பாடமும்

ஆங்கில மரபுத்தொடர்களை மாணவர்க்கு மருந்துக் குளிகைபோல் விழுங்கக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். இரவெல்லாம் உருப்போடு, காலையில் தேர்வுத்தாளில் கக்கு! இவ்வாறு கற்பிப்போர் சொல்லைக் கற்பித்தாரேயன்றி மொழியைக் கற்பித்தாரல்லர் என்பதே நமது கட்சி.

ஓர் உதாரணம் காண்போம். "ஒயிட் எலிஃபண்ட்" என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் தொடர். தமிழன் செவியில் வெள்ளை யானை என்றால் இந்திரன் ஊர்தியாகிய ஐராவதம், பெருமைக்கு அறிகுறி. ஆங்கிலத்திலோ அது பெரும்பொருளை விழுங்கியும் பயன் தராது, விலக்கவும் இயலாது கிடக்கும் சுமை. சயாம் நாட்டில் வெள்ளை யானை போற்றுதற்குரியது. அதனை வேலை வாங்குதல் தகாது. அத்தகைய யானையை மன்னர் தமக்கு வேண்டாதவர்க்குப் பரிசளித்து, தீனிச் செலவாலேயே அவரை ஓட்டாண்டியாக்குவார் என்றொரு கதை ஐரோப்பியரிடையே பரவிற்று. கதை மெய்யோ பொய்யோ, தொடர் நிலைத்துவிட்டது.

பொருள் தெரிந்தால் மட்டும் போதுமா? இடம் தெரிய வேண்டாமா? சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில்பாதை 2003ஆம் ஆண்டு ஜூன் 20ல் ஓடத் தொடங்கிற்று. லிட்டில் இந்தியா நிலையத்தில் அன்றே மக்கள் ஏறி இறங்கினர். அதே பாதையில் கட்டி முடிந்த புவாங்கோக் நிலையமோ, சுற்றிலும் போதிய குடியிருப்பு இல்லையென்று பூட்டிக் கிடந்தது. 2005 ஆகஸ்ட் 28ல் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அவ்வட்டாரத்துக்கு வந்தபோது, எட்டு வெள்ளை யானை அட்டை உருவங்கள் அங்கே நின்றன. கூச்சலில்லை, கோஷமில்லை, குடியிருப்போர் குறை முழுதும் விளங்கிற்று. போலீசார் விசாரித்தனர், எச்சரிக்கையோடு விவகாரம் முடிந்தது. 2006 ஜனவரி 15ல் நிலையம் திறக்கப்பட்டது.

யானைகளே கதவைத் திறந்தன என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால், சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கற்றவன் அன்று என்ன நினைத்திருப்பான்? அமைச்சரை ஐராவதம் நிறுத்தி வரவேற்றார்கள் என்றன்றோ மகிழ்ந்திருப்பான்! ஊரார் வழக்காடும் இடத்தில் அவன் ஊமை.

"தோட்டத்தில் பிறந்தவன் பிள்ளைக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் இந்த அலங்காரம் எதற்கு? கூலிக்கு வேண்டிய ஆங்கிலம் போதாதா?" என்பாரும் உளர். போதாது! கட்டளையைப் புரிந்துகொள்ளும் அளவே மொழி தெரிந்தவன் என்றும் கட்டளைக்கே உரியவன். மேலோர் பேச்சில் மறைந்திருக்கும் இகழ்ச்சியையும் நயத்தையும் அறிந்தவனே எதிர்த்துக் கேட்கத் துணிவான். மரபுத்தொடர் நகையன்று, ஆயுதம்.

ஆயுதமாயின் அளவறிந்து எடுக்கவேண்டும். செலவு மிகுந்ததெல்லாம் வெள்ளை யானையன்று. பயன் தரும் மருத்துவமனையை அவ்வாறு பழிப்பவன் மொழியும் அறியான், முறையும் அறியான். பழைய நாடாளுமன்ற மாளிகைமுன், 1871ல் வந்துசென்ற சயாம் மன்னர் சுலாலங்கோர்ன் பரிசளித்த வெண்கல யானை நிற்கின்றது. அதுவும் சயாம் மன்னர் தந்த யானைதான். ஆயினும் தீனி கேளாத அதற்கு இத்தொடர் பொருந்துமா?

"யானையைக் கட்டித் தீனி போடுவது" என்று நம்மவரும் சொல்வதுண்டு. அது தாங்கவொண்ணாச் செலவைச் சுட்டும். ஆங்கிலத் தொடர் பயனின்மையையும் சேர்த்துச் சுட்டும். இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டாத உபாத்தியாயர் இரு மொழிக்கும் துரோகம் செய்கின்றார்.

ஆதலின் ஆசிரியர்களே, பட்டியலைக் கிழித்தெறியுங்கள்! யார், யாரிடம், எங்கே, எக்கருத்தில் சொன்னார் என்று கேளுங்கள். தமிழில் நாம் எவ்வாறு சொல்வோம் என்றும் கேளுங்கள். அவ்வாறு கற்ற பிள்ளை எந்தச் சபையிலும் தலைகுனியான்.